அழவைக்கும் பேய்ப்படங்களுக்கு ஒரு வாடகைத் திரை

மீன்பிடித் தடைக்காலம் முடிய ஒரு வாரம் இருந்தபோது, கலியாண வீடுகளுக்கும் கோயில் திருவிழாக்களுக்கும் சாமான் விடும் இராமநாதபுரத்துக் கடை ஒன்றிலிருந்து ஒரு ப்ரொஜெக்டரையும், எட்டடி அகலத் திரையையும், இரண்டு ஸ்பீக்கர்களையும் மூன்று இரவுகளுக்கு வாடகை பேசிப் பாம்பனில் உள்ள எங்கள் வீட்டுக்கு வரவழைத்தேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை என்பதால், எங்கள் தெருவில் எல்லா வீட்டு ஆண்களும் எல்லா இரவும் கரையில் இருப்பது அந்த இரண்டு மாதங்களில் மட்டும்தான். துணைக்கு ஆள் இருக்கும் காலத்தில்தான் பயமுறுத்தும் படங்களைப் பார்க்க வேண்டும் என்பது என் நெடுநாள் கொள்கை.

சிங்கப்பூரிலிருந்து விடுமுறைக்கு வந்த தம்பி, நான் கேட்டிருந்த மூன்று ப்ளூ-ரே வட்டுகளையும், அவற்றை ஓட்டும் கருவியையும் கொண்டு வந்திருந்தான். கியர்மோ டெல் டோரோ 2006-இல் எடுத்த ‘பான்ஸ் லேபிரிந்த்’, ஜே. ஏ. பயோனாவின் முதல் முழுநீளப் படமான 2007-ஆம் ஆண்டின் ‘தி ஆர்பனேஜ்’, அதே பயோனா 2016-இல் எடுத்த ‘எ மான்ஸ்டர் கால்ஸ்’ ஆகியவை அவை. மூன்றுமே அச்சமும் மாயமும் கலந்தவை. மூன்றிலும் ஒரு குழந்தையும் ஒரு தாயும் இருக்கிறார்கள். மூன்றுமே பார்த்தவரை அழவைத்ததாகப் பலர் சொல்லக் கேட்டவை. இவற்றுள் ‘தி ஆர்பனேஜை’ நான் முன்பே ஒருமுறை, மதுரைக்குப் போகும் பேருந்தில், கைபேசித் திரையில், ஒரு காதில் மட்டும் இயர்போன் மாட்டிப் பார்த்து முடித்திருந்தேன். எனக்கு ஒன்றுமே ஆகவில்லை. ஊரெல்லாம் அழுத படத்துக்கு நான் ஏன் அழவில்லை, குறை என் மனத்திலா அல்லது பார்த்த விதத்திலா என்ற கேள்வி எனக்குள் நெடுநாள் கிடந்தது. ஆகவே இந்த மதிப்புரை வாடகைக்கு வந்த சாமானைப் பற்றியதும், அந்தச் சாமானால் எங்களுக்கு நேர்ந்ததைப் பற்றியதும் ஆகும். படங்களின் முடிவுகளைச் சொல்லாமல் இதை எழுத முடியாது என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பேயோட்டும் படம் எதையும் நான் கேட்டு வாங்கவில்லை. ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6 அன்று, மனநலம் குன்றியவர்களைத் தங்கவைத்திருந்த கொட்டகை தீப்பற்றியபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் போன 28 பேர் உயிரிழந்தார்கள். அந்த ஊருக்கு ஒன்றரை மணி நேரத் தொலைவில் வாழ்கிற எனக்கு, பேய் பிடித்ததாகச் சொல்லி ஒரு பெண்ணைக் கட்டிலோடு சங்கிலியால் கட்டும் காட்சி திரையில் வந்தால் அது பயமாக இருப்பதில்லை. அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க முடிவதில்லை. அச்சம் என்பது எல்லோருக்கும் ஒரே இடத்திலிருந்து பிறப்பதில்லை என்பதற்கு என்னிடம் உள்ள முதல் சான்று இதுதான்.

சாமானைச் சிறு வேனில் கொண்டு வந்த பையன் பொறுமையானவன். மூன்று இரவுக்கு 3,600 ரூபாயும், திருப்பித் தரும் முன்பணமாக 5,000 ரூபாயும் வாங்கிக்கொண்டு, இணைப்புகளை இரண்டு முறை கழற்றி மாட்டிக் காட்டினான். ப்ரொஜெக்டர் விளக்கில் எரியும் வகையைச் சேர்ந்தது. “கரண்டு போயிட்டு வந்தா ஒடனே போட்டுடாதீங்கக்கா. பல்பு ஆறட்டும், பத்து நிமிசம் கழிச்சுப் போடுங்க. இல்லைன்னா பல்பு போயிரும்” என்று அவன் சொன்னதை அப்போது நான் ஒரு தொழில்நுட்பக் குறிப்பாகத்தான் கேட்டுக்கொண்டேன். அந்தப் பத்து நிமிடம் இந்த மூன்று இரவுகளில் எவ்வளவு பெரிதாகப் போகிறது என்று அப்போது எனக்குத் தெரியாது.

முதல் இரவு மொட்டைமாடியில் திரையைக் கட்டினோம். அது பிழை. ஜூன் மாதத்தில் தென்கடல் பக்கமிருந்து அடிக்கும் காற்றுக்கு எட்டடித் திரை பாய்போலப் புடைத்து, தாங்கியோடு இரண்டு முறை சாய்ந்தது. சித்தப்பா படகிலிருந்து கயிறு கொண்டு வந்து நான்கு மூலைகளையும் தண்ணீர்த் தொட்டிக் காலிலும் கைப்பிடிச் சுவரிலும் இழுத்துக் கட்டிய பிறகுதான் அது அடங்கியது. அப்போதும் நடுவில் மெல்ல மூச்சுவிட்டபடியே இருந்தது. கடற்கரை ஊர்க்காரர்கள் இந்தச் சாமானை வாங்கினால் வெட்டவெளியில் கட்ட வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

‘பான்ஸ் லேபிரிந்த்’ இருட்டில் நடக்கும் படம். 1944-இல், உள்நாட்டுப் போர் முடிந்து ஐந்து ஆண்டுகள் கழிந்த ஸ்பெயினில், மலைக்காட்டுக்குள் ஒளிந்திருக்கும் போராளிகளை வேட்டையாடும் விடால் என்னும் படைத்தலைவனின் முகாமுக்கு, அவனை மறுமணம் செய்துகொண்ட கருவுற்ற தாயோடு ஒஃபேலியா என்னும் சிறுமி வந்து சேர்கிறாள். பழைய கற்சுழல் ஒன்றுக்குள் ஆட்டுக்கொம்பு முளைத்த ஒரு காட்டு உரு அவளைச் சந்தித்து, நீ பாதாள உலகத்து இளவரசி, மூன்று வேலைகளை முடித்தால் வீடு திரும்பலாம் என்கிறது. ஒளிப்பதிவுக்கும் கலை இயக்கத்துக்கும் ஒப்பனைக்கும் ஆஸ்கர் வாங்கிய படம் இது. நீலமும் பச்சையும் கலந்த அதன் காட்டிருட்டை எங்கள் வாடகை ப்ரொஜெக்டர் சாம்பல் நிறமாகத்தான் காட்டியது. கலியாண மண்டபத்தில் விளக்கெரியும்போது போட்டோ காட்டுவதற்கு ஏற்ற வெளிச்சக் கருவிக்குக் கறுப்பு என்னும் நிறம் வராது. கறுப்பு வராத திரையில் அச்சம் பாதிதான் நிற்கும். இது சாமானின் பெரிய குறை.

அந்தப் பாதியே எங்களுக்குப் போதுமானதாக இருந்தது. படத்தில் எல்லோரும் நினைவில் வைத்திருப்பது, விருந்து மேசையின் தலைமாட்டில் உட்கார்ந்திருக்கும், தோல் தொங்கும் வெளிறிய உருவத்தைத்தான். அதன் கண்கள் முகத்தில் இல்லை, உள்ளங்கைகளில் இருக்கின்றன. தொடக்கூடாது என்று எச்சரிக்கப்பட்ட விருந்திலிருந்து ஒஃபேலியா இரண்டு திராட்சைகளை எடுத்துத் தின்றதும் அது விழித்து, கைகளை முகத்துக்கு நேரே விரித்துக்கொண்டு அவளைத் தேடி நடக்கிறது. மாடியில் இருந்த பெண்பிள்ளைகள் கத்தினார்கள். என் பக்கத்தில் இருந்த பெண் கத்தவில்லை. அவர் மண்டபத்தில் உள்ள இலங்கை அகதிகள் முகாமில் பிறந்து வளர்ந்து எங்கள் தெருவில் வாழ்க்கைப்பட்டவர். அவர் பெற்றோர் மன்னாரிலிருந்து படகில் வந்தவர்கள். அவர் எழுந்து போனது அதற்கு வெகுமுன்னரே, படத்தின் முற்பகுதியில் வரும் ஒரு காட்சியின்போது. காட்டில் முயல் பிடிக்கப் போனதாகச் சொல்லும் ஒரு தகப்பனையும் மகனையும் விடாலின் ஆட்கள் பிடித்து வருகிறார்கள். மகனின் முகத்தை விடால் ஒரு பாட்டிலால் அடித்தே சிதைக்கிறான். பிறகு தகப்பனையும் சுடுகிறான். அதற்கும் பிறகுதான் அவர்களின் பையைத் துழாவி உள்ளே இருக்கும் முயலை வெளியே எடுக்கிறான். அவர்கள் சொன்னது உண்மை என்று தெரிந்ததும் அவன் முகத்தில் தெரிவது எரிச்சல் மட்டுமே. பையை முதலிலேயே ஒழுங்காகப் பார்க்காத தன் ஆட்களின் மீதான எரிச்சல்.

படிக்கட்டில் உட்கார்ந்திருந்த அவரிடம் நான் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தபோது அவர் சொன்னார்: “அந்தக் கையில கண் உள்ள பேயை நீங்கள் போடேக்கை சொல்லுங்கோ அக்கா, வந்து பாக்கிறன். அதுக்கு நான் பயப்பிட மாட்டன். பையைப் பிறகு பாக்கிறான் பாருங்கோ, அதைத்தான் ஏலாது.” சொன்னபடியே வந்து அந்தக் காட்சியை இமைக்காமல் பார்த்தார்.

நான் பள்ளியில் தமிழ் நடத்துகிறவள். தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியலில் அச்சம் பிறக்கும் நிலைக்களங்கள் அணங்கு (வருத்தும் தெய்வம்), விலங்கு, கள்வர், தம் இறை (அரசன்) என நான்கு என்று ஆண்டுதோறும் வகுப்பில் சொல்லி வருகிறேன். அணங்கையும் ஆள்பவனையும் ஒரே வரிசையில் ஏன் வைத்தார் என்று மாணவர்கள் கேட்டால், உரையில் உள்ளதைச் சொல்லிவிட்டுக் கடந்துவிடுவேன். அந்தப் படிக்கட்டில் நின்றபோதுதான் அந்த வரிசை எனக்கு விளங்கியது. டெல் டோரோ அணங்கையும் இறையையும் ஒரே படத்தில் ஒரே மேசையில் உட்காரவைக்கிறார்: வெளிறிய உருவம் தலைமாட்டில் இருக்கும் விருந்து மேசையைப் போலவே, விடால் தலைமாட்டில் இருந்து ஊரின் உணவுப் பங்கீட்டைக் குறைக்கும் விருந்து மேசையும் படத்தில் வருகிறது. அணங்குக்கு விதி உண்டு; இதைத் தின்னாதே, மணல்கடிகை தீருமுன் திரும்பு என்று முன்கூட்டியே சொல்லப்படுகிறது. விடாலிடம் உண்மையைச் சொன்னாலும் உயிர் தப்பாது. அந்த விதியற்ற அச்சத்தை எங்களுள் ஒருவர் குழந்தையாக இருந்தபோதே வீட்டாரிடம் கேட்டு வளர்ந்திருக்கிறார். ஆகவே இந்தப் படத்தைப் பிறருக்குப் போட்டுக் காட்டும் எவரும், மாயப் படம் என்று மட்டும் சொல்லிக் கூப்பிடக் கூடாது. நான் அப்படித்தான் கூப்பிட்டேன். அதற்காக மறுநாள் அவரிடம் வருத்தம் தெரிவித்தேன். பிரிட்டனில் 15 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு இதைக் காட்டுவதில்லை. பதினொரு வயதான என் மகனை அன்று அவன் அத்தை வீட்டுக்கு அனுப்பியிருந்தது நான் செய்த ஒரே சரியான காரியம்.

முடிவில், பச்சைக்குழந்தையான தன் தம்பியின் இரத்தத்தைச் சிந்த மறுத்ததற்காக ஒஃபேலியா சுடப்பட்டுக் கிடக்கும்போது, பணிப்பெண் மெர்செடெஸ் சொல்லில்லாத ஒரு தாலாட்டை முனகுகிறாள். மாடியில் அழாதவர் ஒருவரும் இல்லை. திரையும் காற்றில் அசைந்துகொண்டிருந்தது.

இரண்டாம் இரவு சாமானைக் கூடத்துக்குள் கொண்டு வந்தோம். சன்னல்களில் போர்வை தொங்கவிட்டு, குளிர்பதனப்பெட்டியின் சிறு விளக்கைக்கூடத் துணியால் மறைத்த பிறகு, சாம்பல் நிறம் ஓரளவு கறுப்பானது. ப்ரொஜெக்டரின் காற்றாடி ஓசை மூடிய அறையில் பெரிதாகக் கேட்டது. கருவியை எங்கள் தலைக்குப் பின்னால் அலமாரி மேல் தூக்கி வைத்த பிறகு தாங்கக்கூடியதாயிற்று. ஆனால் ஸ்பீக்கர்களைப் பற்றி நான் மனமாரப் பாராட்டிச் சொல்ல வேண்டும். சென்ற ஆண்டு நகரத்துத் திரையரங்கு ஒன்றில் ஒரு பேய்ப்படம் பார்த்துவிட்டு இரண்டு நாள் காது இரைச்சலோடு இருந்தேன்; அங்கே அச்சம் என்பது திடீரென்று எழும்பும் பேரோசை மட்டுமே. இந்த ஸ்பீக்கர்களில் ஒலியைக் குறைத்து வைத்தாலும் மரப்பலகை நெரியும் ஓசை, தூரத்து அலை, மூச்சு ஆகியவை தனித்தனியாகக் கேட்டன. ‘தி ஆர்பனேஜ்’ போன்ற படத்துக்கு வேண்டியது அதுதான், ஏனென்றால் அந்தப் படத்தின் உயிர் ஒரு தட்டும் ஓசையில் இருக்கிறது.

கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். தான் வளர்ந்த பழைய அநாதை இல்லத்தை வாங்கி, ஊனமுற்ற குழந்தைகளுக்கான இல்லமாக மாற்றும் எண்ணத்தோடு லாரா தன் கணவனோடும் வளர்ப்பு மகன் சிமோனோடும் அங்கே குடியேறுகிறாள். வீடு கடலோரத்தில் இருக்கிறது. அருகே பயன்பாட்டில் இல்லாத ஒரு கலங்கரை விளக்கமும், அலை ஏறினால் மூழ்கும் ஒரு குகையும் இருக்கின்றன. கண்ணுக்குத் தெரியாத தோழர்கள் தனக்கு இருப்பதாகச் சிமோன் சொல்லத் தொடங்குகிறான். விருந்தினர் கூடியிருந்த ஒரு நாள், தாயோடு சண்டையிட்ட பிறகு, அவன் காணாமல் போகிறான். கடலில் தேடுகிறார்கள், காவல்துறை தேடுகிறது, மாதங்கள் கழிகின்றன, வீட்டில் ஓசைகள் கேட்கின்றன. எல்லோரும் கைவிட்ட பிறகும் லாரா தேடுகிறாள்.

இந்தக் கரையில் வாழ்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கடலுக்குப் போனவர் திரும்பாத வீடுகள் ஊருக்கு ஊர் இருக்கின்றன. உடல் கிடைக்காதவரை ஏழு ஆண்டுகள் செய்தி இல்லாமல் கழிந்தால்தான் சட்டம் அவரை இறந்தவராகக் கருதும். அந்த ஏழு ஆண்டுகளும் அந்த வீட்டுப் பெண் பூவை எடுப்பதா வைப்பதா என்று தெரியாமல் நிற்பாள். எண்பதைத் தாண்டிய எங்கள் அப்பத்தாவின் தம்பி, 1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயலில் தனுஷ்கோடியில் போனவர். பாம்பனிலிருந்து புறப்பட்ட பயணிகள் ரயிலை நூற்றுக்கும் மேற்பட்டவர்களோடு கடல் அள்ளிக்கொண்டு போன அதே இரவு. அவர் ரயிலில் இல்லை. அங்கே ஒரு கருவாட்டுக் கடையில் வேலைக்கு இருந்த பதினான்கு வயதுப் பையன். உடல் கிடைக்கவில்லை. அப்பத்தா அவரைப் பற்றி எங்களிடம் அவ்வளவாகப் பேசியதில்லை. மார்கழியில் ஒரு நாள் மட்டும் சமைக்காமல் இருப்பார்.

அவரை நான் படம் பார்க்க அழைக்கவில்லை. கூடத்தில்தான் அவருடைய கட்டில் கிடக்கிறது. ஆகவே அவரும் பார்த்தார். படம் ஸ்பானிய மொழி, எழுத்து ஆங்கிலம். ப்ளூ-ரேயில் தமிழ் எழுத்து இல்லாதது இந்த வட்டுகளின் குறைதான். அதனால் நான் அவர் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்து, ஒவ்வொரு வரியையும் தமிழில் மெல்லச் சொல்லிக்கொண்டே வந்தேன். கைபேசியில் கண்ணால் ஓட்டிய அதே வரிகளை என் வாயால் சொல்லும்போது அவற்றின் கனம் வேறாக இருந்தது. “எம் மகன் எங்க” என்று லாராவுக்காக நான் கேட்க வேண்டியிருந்தது.

படம் முடிவதை நெருங்கும்போது, லாரா அந்த வீட்டில் தனியே தங்கி, எல்லாவற்றையும் தன் சிறுவயதில் இருந்ததுபோல ஒழுங்குபடுத்தி வைத்து, தோழர்களோடு விளையாடிய ஒரு விளையாட்டைத் தொடங்குகிறாள். சுவரைப் பார்த்து நின்று, எண்ணியபடியே சுவரைத் தட்டிவிட்டுத் திரும்பிப் பார்க்க வேண்டும். பின்னால் இருப்பவர்கள் அவள் திரும்பாத நேரத்தில் நெருங்கி வர வேண்டும். நம் ஊர்ப் பிள்ளைகளும் இதைப் போன்ற ஒன்றை விளையாடுகிறார்கள். கேமரா அவளோடு சுவருக்கும் அறைக்குமாகத் திரும்பிக்கொண்டே இருக்கிறது. பின்னால் கதவு திறந்திருக்கிறது. அவள் மறுபடியும் தட்டுகிறாள்.

அங்கே மின்சாரம் போனது.

சில நிமிடங்களில் மின்சாரம் திரும்பிவிட்டது. ஆனால் விளக்கு ஆற வேண்டும் என்று பையன் சொல்லியிருந்தான். கூடத்து விளக்கைப் போடப் போன தம்பியை அப்பத்தாதான் தடுத்தார். போர்வை தொங்கிய சன்னல்களுக்கு வெளியே பனையோலைகள் ஒன்றோடொன்று உரசிக்கொண்டிருந்தன. அடுப்படிக் கதவின் தாழ்ப்பாள் தளர்ந்தது; காற்றுக்கு அது தட், தட் என்று அடித்துக்கொண்டிருந்தது. அப்பத்தா அந்தத் திசையில் முகத்தைத் திருப்பியிருப்பது இருட்டிலும் எனக்குத் தெரிந்தது.

“அவன் வந்து கதவத் தட்டிருப்பானோன்னு இன்னைக்கும் நெனைப்பேன் தாயி” என்றார். “அன்னைக்கு ராத்திரிக் காத்துல எந்தக் கதவுதான் சத்தம் போடல. தொறக்காதீங்கன்னு ஒங்க பாட்டன் சொன்னாரு. நானுந் தொறக்கல.”

தனுஷ்கோடியிலிருந்து அந்த இரவில் ஒருவர் பாம்பன் வரை நடந்து வந்திருக்க முடியாது. அது அவருக்கும் தெரியும். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. சித்தப்பா எழுந்து போய் அடுப்படிக் கதவைத் திறந்து, திறந்தபடியே நிற்கும்படி அம்மிக்குழவியை முட்டுக்கொடுத்துவிட்டு வந்தார்.

முடிவைத் தெரிந்திருந்தவள் நான் ஒருத்திதான். அந்த வீட்டின் நிலவறைக்குள் சிமோன் ஒளிந்திருந்தான். அவனைத் தேடிய பதற்றத்தில் லாராவே இழுத்துப் போட்ட இரும்புக் குழாய்கள் அதன் மறைகதவை அடைத்துவிட்டன. முதல் நாள்களில் அவள் கேட்டுப் பயந்த ஓசை, வெளியே வர முடியாத மகன் கதவை இடித்த ஓசை. அவன் படி முறிந்து விழுந்து உள்ளேயே இறந்துகிடக்கிறான். பேய்கள் அந்த வீட்டில் யாருக்கும் ஒரு தீங்கும் செய்யவில்லை. இதை நான் இப்போது என் வாயால் அப்பத்தாவுக்குச் சொல்ல வேண்டும். படத்தை நிறுத்திவிடலாம் என்றுகூட நினைத்தேன். பத்து நிமிடம் கழிந்து திரை வெளிச்சமானபோது, நான் மொழிபெயர்ப்பதை நிறுத்திக்கொண்டேன். ஆனால் அந்தக் கடைசிக் காட்சிகளில் பேச்சு குறைவு. காட்சிகளே நடந்ததைப் பின்னோக்கிக் காட்டிவிடுகின்றன. அப்பத்தாவுக்கு எல்லாம் விளங்கியது. லாரா நிலவறைத் தரையில் மகனின் உடலைத் தூக்கி, மேலே கொண்டு வந்து, மடியில் கிடத்திக்கொண்டு அமர்கிறாள். அப்பத்தா அழுதார், ஒப்பாரியாக அல்ல, ஓசையே இல்லாமல். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, “எடுத்து மடியில போட்டுக்கிட்டாள்ல” என்றார். அதை அவர் துக்கமாகச் சொன்னாரா நிம்மதியாகச் சொன்னாரா என்று என்னால் பிரித்தறிய முடியவில்லை. எனக்கு அப்போதுதான் அழுகை வந்தது; வந்தது நிற்கவில்லை.

மெய்ப்பாட்டியலில் அச்சத்துக்கு ஒரு நூற்பாவும், இழவு உள்ளிட்ட நான்கிலிருந்து பிறக்கும் அழுகைக்கு இன்னொரு நூற்பாவும் தனித்தனியே இருக்கின்றன. ‘தி ஆர்பனேஜ்’ ஒரே தட்டும் ஓசையில் இரண்டையும் வைத்திருக்கிறது: முதல் தடவை கேட்கும்போது அச்சம், அதே ஓசை என்னவென்று தெரிந்த பிறகு இழவு. எழுதிய செர்ஜியோ சான்செஸின் கைத்திறன் அது. பேருந்தில் இஞ்சின் இரைச்சலுக்கிடையே ஒற்றைக் காதில் கேட்டபோது அந்தத் தட்டல் எனக்குக் கேட்டிருக்கவே வாய்ப்பில்லை. குறை என் மனத்தில் இல்லை என்று தெரிந்துகொள்ளக் கொடுத்த வாடகை எனக்குப் பெரிதாகப் படவில்லை.

அன்று இரவு யாரும் உடனே படுக்கவில்லை. அச்சத்தால் ஏறிய நெஞ்சுத்துடிப்பு படம் முடிந்ததும் இறங்கிவிடுவதில்லை. அந்த நேரத்தில் வரும் எந்த உணர்ச்சியும், சிரிப்பானாலும் அழுகையானாலும், வழக்கத்தைவிட வலுவாகத் தோன்றலாம். கருப்பட்டிக் காப்பி போட்டு, பன்னிரண்டரை மணிவரை பேசிக்கொண்டிருந்தோம். இப்படிப்பட்ட படங்களைப் பத்து மணிக்குத் தொடங்குவதைவிட ஏழு மணிக்குத் தொடங்குவது நல்லது. மீதி இரவு அதற்குத் தேவைப்படும்.

மூன்றாம் இரவைப் பற்றி எழுதுவது எனக்கு எளிதல்ல. ‘எ மான்ஸ்டர் கால்ஸ்’ படத்தை மகனோடு பார்த்தேன். பிரிட்டனின் திரையரங்குகளில் இது பெரியவர் துணையோடு சிறுவர்கள் பார்க்கலாம் என்ற வரிசையில் வந்தது. புற்றுநோயால் தன் முடிவை நெருங்கிக்கொண்டிருந்த ஷிவோன் டவுட் என்னும் எழுத்தாளர் எண்ணிவைத்துவிட்டு 2007-இல் மறைந்த கருவை, பேட்ரிக் நெஸ் நாவலாக எழுதினார். படத்தின் திரைக்கதையும் அவருடையதே. தாய் நோயில் கிடக்கும் கானர் என்னும் சிறுவனிடம், நள்ளிரவு கழிந்து 12:07 மணிக்கு, கல்லறைத் தோட்டத்து முதிய யூ மரம் பேருருவாக நடந்து வருகிறது. லியாம் நீசனின் குரலில் அது மூன்று கதைகள் சொல்லும். நான்காவது கதையைக் கானர் சொல்ல வேண்டும். அது அவன் மறைத்து வைத்திருக்கும் உண்மையாக இருக்க வேண்டும். தாய்க்குத் தரப்படும் கடைசி மருந்தும் யூ மரத்திலிருந்து எடுக்கப்படுவதே. இது கற்பனையல்ல, பாக்லிடாக்சல் என்னும் புற்றுநோய் மருந்து முதலில் பசிபிக் யூ மரத்தின் பட்டையிலிருந்துதான் பிரித்தெடுக்கப்பட்டது.

என் தாயார் அதே நோயில் கிடந்தபோது எட்டு மாதங்கள் பாசஞ்சர் ரயிலில் மதுரைக்குக் கூட்டிக்கொண்டு போய் வந்தேன். பாலத்தின் மேல் வண்டி மெல்ல ஊரும்போது அவர் கண்ணை மூடிக்கொள்வார். நான் கடலைப் பார்ப்பேன். கடைசி மாதத்தில் ஒருநாள் அந்தப் பாலத்தின் மேல் வைத்து, இது முடிந்துவிட்டால் போதும் என்று நினைத்தேன். அவர் வலி முடிய வேண்டும் என்று மட்டும் நினைக்கவில்லை. என் அலைச்சலும் முடிய வேண்டும் என்று நினைத்தேன். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. கானரின் நான்காவது கதை அதுதான். கனவில் பாறை விளிம்பில் தொங்கும் தாயின் கையை அவன் விட்டுவிடுகிறான். பிடித்திருக்க முடிந்தபோதே விட்டுவிடுகிறான், ஏனென்றால் காத்திருப்பதை அவனால் இனித் தாங்க முடியவில்லை. அதைச் சொன்னால் இறந்துவிடுவேன் என்று நினைத்தவனைச் சொல்லவைத்து, அந்த மரம் அவனைத் தண்டிக்காமல் தன் வேர்க்கையில் ஏந்திக்கொள்கிறது.

வாய்விட்டு அழுதேன். மகன் திரையைப் பார்க்காமல் என்னைப் பார்த்தான். பயந்துவிட்டானோ என்று நினைத்தேன். அவன் ஓடிப்போய்ப் படத்தை நிறுத்தவில்லை, விளக்கைப் போடவில்லை. “அம்மாச்சியாம்மா?” என்று மட்டும் கேட்டான். ஆமாம் என்றேன். அவன் நகர்ந்து வந்து என் தோளில் சாய்ந்துகொண்டு மீதிப் படத்தைப் பார்த்தான். திரைப்படமாக எடுத்துக்கொண்டால் மூன்றில் இதுவே சற்றுத் தளர்ந்தது. நீர்வண்ண ஓவியங்களாக வரும் முதலிரண்டு கதைகள் அழகானவை என்றாலும், பள்ளியில் நடக்கும் பகுதி பலமுறை சொன்னதையே சொல்கிறது. இருந்தும், நோயாளி உள்ள வீட்டார் எவராவது என்னிடம் கேட்டால், முதலில் இதைத்தான் சொல்வேன். ஆனால் நோய் நடந்துகொண்டிருக்கும்போது அல்ல, முடிந்து சில ஆண்டுகள் கழிந்த பிறகு.

சாமானைத் திருப்பிக் கொடுத்தபோது பையன் திரையின் மூலைகளில் இருந்த கயிற்றுத் தடத்தைப் பார்த்தான். முன்பணத்தில் எதையும் பிடிக்கவில்லை. ப்ரொஜெக்டரைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் இந்தக் கடையை நான் தயங்காமல் பரிந்துரைப்பேன்: நேரத்துக்கு வந்தது, இணைப்புகள் பழுதில்லாமல் இருந்தன, ஸ்பீக்கர்கள் வாடகைக்கு மேல் தரமானவை. இருட்டை இருட்டாகக் காட்டும் ப்ரொஜெக்டர் ஒன்றை அடுத்த தடைக்காலத்துக்குள் வாங்கி வைக்கும்படி சொல்லியிருக்கிறேன். அதற்கு இருமடங்கு வாடகை கேட்டாலும் தருவேன். மகன் மர உருவம் வரும் படத்தை மறுபடி கேட்கிறான். அப்பத்தா இரண்டாவது படத்தை மட்டும் இன்னொரு தடவை போடச் சொல்கிறார். “இந்தத் தடவ நீ பேசாத தாயி, நானே பாத்துக்கிர்றேன்” என்று சொல்லியிருக்கிறார்.